பழைய டிஸ்க்கில் ஒன்றுமில்லை

கறுப்புத் திரையில் ஒற்றை வெள்ளை வரி: துவங்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை. அக்கா அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மணி ஒன்பது இருபது. பத்தரைக்குக் குடும்ப நீதிமன்றத்தில் அவளைக் கூப்பிடுவார்கள். அவள் மகள் யாரோடு இருப்பாள் என்பது இன்றைக்கே முடிவாகலாம். அத்தான் மூன்று வருடமாக அனுப்பிய மிரட்டல்கள், குடித்துவிட்டுப் பேசிய பேச்சுகள் எல்லாம் இந்தப் பெட்டிக்குள். வக்கீல் அவற்றை முழுசாகக் கொண்டுவரச் சொன்னதே நேற்று மாலைதான்.

"நேத்து வரைக்கும் ஓடுச்சே" என்றாள்.

"காலைல கரண்ட் போச்சுல்ல..." என்று இழுத்தேன்.

எட்டு வருடப் பழைய கம்ப்யூட்டர். ஆமையாய் நகர்கிறது என்று அவள் அலுத்துக்கொண்டதால், பத்து நாளுக்கு முன் நான்தான் புது டிஸ்க் போட்டு எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். ஊருக்கெல்லாம் ரிப்பேர் பார்ப்பவன் கூடப்பிறந்தவளுக்குச் செய்யமாட்டேனா என்ற பெருமை வேறு.

செட்டிங்குக்குள் போனேன். புது டிஸ்க்கின் பெயர் தெரிந்தது; உயிர் இருக்கிறது. ஆனால் பழையதை முதலில் தேடும்படி வரிசை மாறிக் கிடந்தது. சரிசெய்து மறுபடி போட்டேன். வட்டம் சுற்றியது. அக்கா மூச்சை விடப்போன நேரத்தில் திரை நீலமாகி, அணைந்து, முதலிலிருந்து ஆரம்பித்தது. இரண்டாம் முறையும் அதேதான். மூன்றாம் முறை, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவவா என்று கேட்டது. விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் படிக்கலாம். அதற்கான வயர் கடையில் இருக்கிறது, போய்வர ஒரு மணி நேரம்.

"சரி, விடு. பழைய டிஸ்க் உள்ளதானே இருக்கு? அதுல இருந்து எடுத்துக் குடு."

"அதுல ஒண்ணும் இல்லக்கா."

"ரெண்டுலயும் இருக்குன்னியே?"

"சொன்னேன். காலி இடம் கிடைக்குமேன்னு மறுநாளே அழிச்சிட்டேன். உன்கிட்ட கேக்கல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நாற்காலியை ஓரடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். "அவரும் இப்படித்தான்டா. செஞ்சிட்டுத்தான் சொல்லுவாரு."

மறுபடி செட்டிங்கைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். மேல் மூலையில் தேதி, எட்டு வருடத்துக்கு முந்தைய ஜனவரி ஒன்று. அட மடையா! உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி செத்திருக்கிறது. கரண்ட் போனதும், நான் மாற்றி வைத்ததையெல்லாம் பெட்டி மறந்து வாங்கிய நாளுக்கே போய்விட்டது. புது டிஸ்க் போட்ட அன்று, பெட்டி டிஸ்க்கோடு பேசும் முறையையும் மாற்றியிருந்தேன். அந்த ஒரு வரியைத் தேடிப் பிடித்து மாற்றிச் சேமித்தேன்.

வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, பல் விழுந்த சிரிப்போடு அக்கா மகளின் படம் திரை முழுக்க வந்து நின்றது.

பென் டிரைவில் எல்லாவற்றையும் ஏற்றி முடித்தபோது மணி பத்தாக எட்டு நிமிடம்.

"ஒண்ணத் தெறந்து பாரு, சரியா வந்திருக்கான்னு."

கைக்கு வந்ததை அழுத்தினேன். அத்தானின் குரல் அறையை நிறைத்தது. இவ்வளவு நாளில் நான் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. நிறுத்தும் பொத்தானைத் தேடி என் விரல் தடுமாறியது. அக்காவோ கண்ணாடி முன் நின்று, நிதானமாகத் தலைமுடியை வாரி முடிந்துகொண்டிருந்தாள்.

"நானும் வரவாக்கா?"

பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள். ஜன்னலுக்கு ஓடினேன். சாலையோரத்தில் ஒரு கையை இறுக்கி மூடிக்கொண்டு, வருகிற வண்டிக்கெல்லாம் மறு கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.