ஓம் எண்டு சொன்னவள்

மின்னஞ்சலை றொசானா மூன்றாவது தடவையாக வாசித்தாள். நான்கே வரிகள். அவளுக்கு விளங்காத ஆங்கிலச் சொல் அதில் ஒன்றுகூட இல்லை. நர்சிங் டிப்ளமா வகுப்பில் அவளுக்கு ஒதுக்கிய இடம், அவள் கேட்டுக்கொண்டபடியே ரத்துச் செய்யப்பட்டுவிட்டதாம். கடைசி வரியில் எதிர்காலம் சிறக்க வாழ்த்து வேறு.

வியாழக்கிழமை காலைத் தேநீர் நேரம். திங்கட்கிழமை வகுப்பு தொடக்கம்.

"கிரிஜாக்கா, இதை ஒருக்கா வாசியுங்கோ."

கிரிஜா மதுரைக்காரி. இருவரும் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் பதினோரு வருடமாக நர்ஸ். அங்கே தரை துடைக்க வந்த றொசானாவைப் படிக்கச் சொல்லி நச்சரித்தவள் அவள்தான். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டு வாசித்தாள்.

"அட் யுவர் ரிக்வெஸ்ட்னு போட்டிருக்கான். நீ ஏதாவது எழுதிக் குடுத்தியா?"

"நான் ஒண்டும் எழுதேல்லை அக்கா."

"அப்ப யாரு எழுதினது? உன் பாஸ்வேர்ட் யார்கிட்ட இருக்கு?"

றொசானா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கிரிஜா கோப்பையில் மிச்சமிருந்த தேநீரைச் சிங்கில் ஊற்றிவிட்டு, "வீட்ல கேளு" என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு வார்டுக்குப் போனாள்.

அந்த இடத்துக்காக றொசானா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அவளும் கணவன் அனோஜும் இலங்கையிலிருந்து அகதிகளாகப் படகில் வந்தவர்கள். மெல்பேர்னில், தமிழ்ப் பூசை நடக்கும் மாதா கோயில் வாசலில் சந்தித்துக் கட்டிக்கொண்டவர்கள். பதினொரு வருடம் தற்காலிக விசா. அந்த விசாவில் வேலை செய்யலாம், வரி கட்டலாம், அரசாங்க உதவியோடு படிக்க முடியாது. நிரந்தர விசா கிடைத்த அன்றைக்கு அனோஜ் கேக் வாங்கி வந்தான். அவளோ கேக்கைக்கூட வெட்டாமல் டேஃப் என்ற அரசாங்கத் தொழிற்கல்லூரியின் விண்ணப்பத்தைத் திறந்தாள்.

அதன் பிறகுதான் மலைகள் ஒவ்வொன்றாக எழும்பின. மன்னாரில் பதிந்த பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னுக்கு இருந்தது. விசாவில் அதே பெயர் பின்னுக்குப் போயிருந்தது. கலியாணப் பதிவில் தகப்பன் போய் அனோஜ் வந்திருந்தான். மாணவர் எண் கொடுக்கும் கணினிக்கு அவள் மூன்று பெண்கள். மூவரும் ஒருத்திதான் என்று நிரூபிக்க ஆறு கிழமை பிடித்தது. பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சைச் சான்றிதழ் இடம்பெயர்ந்த வழியில் எங்கோ கிடந்து மக்கிவிட்டது. கொழும்பிலிருந்து பிரதி வர நான்கு மாதம். பிறகு ஆங்கிலப் பரீட்சை. முதல் தடவை தோல்வி. இரண்டாவது தடவைக்கு கிரிஜாதான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளைப் பழக்கினாள்.

"போன்ல பேசுறப்ப முனகாத. யெஸ்னா பளிச்சுனு யெஸ்னு சொல்லு. நீ தயங்கினா, இவளுக்கு இங்கிலீஷ் வராதுன்னு தூக்கி ஓரமா வச்சுருவாங்க."

இவ்வளவுக்கும் காரணம் ஒரு கிழவி. இரண்டு வருடத்துக்கு முன்னால், பதினான்காம் அறையிலிருந்த இத்தாலியக் கிழவி கதிரையிலிருந்து வழுக்கி விழுந்தாள். றொசானா தரை துடைத்துக்கொண்டு நின்றாள். துப்புரவு வேலைக்காரிக்கு அங்கே இருப்பவர்களைத் தொட அனுமதி இல்லை. மணியை அழுத்திவிட்டு நிற்க வேண்டும். நர்ஸ் வர ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடமும் கிழவி ஒரு கையை அவளை நோக்கி நீட்டியபடியே கிடந்தாள். றொசானா இரண்டு கையாலும் துடைப்பக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிழவி பிறகு எழும்பி நடந்துவிட்டாள். றொசானாவுக்குத்தான் அந்தக் கை இன்னும் நீண்டுகொண்டே இருந்தது.

கிரெய்கிபர்னில் வீடு. அவளுடைய வேலை இரண்டு மணிக்கு முடியும். வெயர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அனோஜ் இரண்டரைக்குப் புறப்படுவான். கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் விழித்திருப்பது நாளுக்குக் கால் மணித்தியாலம். அந்தக் கால் மணித்தியாலத்தில்தான் இத்தனை வருடமும் சிரித்தார்கள், சண்டை பிடித்தார்கள், மகள் மோனிகாவுக்குச் சப்பாத்து அளவு பார்த்தார்கள்.

அவள் உள்ளே வந்தபோது அவன் குசினியில் சோற்றுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தான்.

"ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?"

"என்னத்தை? மீன் துண்டு ரெண்டு கூட எடுத்தனான். அதுக்கே?"

அவள் சிரிக்கவில்லை. போனை மேசையில் வைத்தாள். அவன் வாசித்தான். வாசிக்க வாசிக்க அவன் முகத்திலிருந்த பகிடி வடிந்து போனது.

"நான் செய்யேல்லை, றொசா."

"போன மாசம் என்ன சொன்னனீங்கள்? இந்த வருசம் விடு, அடுத்த வருசம் பாப்பம் எண்டு."

"சொன்னனான்தான். பிள்ளையைப் பின்னேரத்தில ஆர் கூட்டிக்கொண்டு வாறது எண்டு கேட்டனான். கேட்டதும் இதைச் செய்ததும் ஒண்டே?"

"பாஸ்வேர்ட் உங்களிட்டத்தான் இருக்கு."

"அது மோனிகான்ர பிறந்த நாள். அவளுக்கும் தெரியும். அவளையும் பிடிச்சு விசாரி."

"எனக்குப் பகிடி வேண்டாம்."

"எனக்கும்தான்."

அவன் சோற்றுப் பெட்டியைத் திரும்பக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தான். கார்ச் சாவியை எடுத்தான்.

"வெளிக்கிடு. அஞ்சு மணிக்குப் பூட்டிப்போடுவாங்கள். நேர போய்க் கேப்பம்."

"வேலை?"

"அது கிடக்கட்டும்."

பள்ளிக்கூட வாசலில் மோனிகாவை ஏற்றிக்கொண்டார்கள். இரண்டாம் வகுப்பு. அப்பாவைப் பகலில் கண்ட அதிசயத்தில் அவள் பின் இருக்கையில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். வெளியே நாற்பது பாகை வெயில். வடக்கிலிருந்து வந்த காற்று வீதியோரத்துக் காய்ந்த புல்லைப் புரட்டிக்கொண்டிருந்தது. றொசானா யன்னல் பக்கமே பார்த்தாள்.

அனோஜ் வேலைத்தல மேற்பார்வையாளரை அழைத்தான். காரின் ஒலிபெருக்கியில் அந்த மனிதரின் குரல் நிறைந்தது. வீட்டில் அவசரம், இன்றைக்கு வர முடியாது என்றான் அனோஜ். பரவாயில்லை, பார்த்துக்கொள் என்றார் அவர். பிறகு, "மண்டே ஃப்ரம் ஃபைவ் ஏஎம், மேட். டோன்ட் ஃபர்கெட், யூ ஆஸ்க்ட் ஃபார் இட்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

அனோஜ் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்தான்.

"காலமை ஷிஃப்ட்டே?" என்று றொசானா கேட்டாள்.

"ஓம்."

"எப்ப மாத்தினனீங்கள்?"

"போன கிழமை."

"ஏன் சொல்லேல்லை?"

"ஞாயிற்றுக்கிழமை சொல்லுவம் எண்டு இருந்தனான். நீ பக்கத்து வீட்டுப் பேர்ள் அன்ரியைக் கெஞ்சிக்கொண்டு திரிஞ்சனி, பின்னேரத்தில பிள்ளையைப் பாக்கச் சொல்லி. அந்த மனுசிக்கு முழங்கால் ஏலாது." வீதியைப் பார்த்தபடியே சொன்னான். "ரெண்டு மணிக்கு வேலை முடிஞ்சால் நான் கூட்டிக்கொண்டு வருவன்தானே."

அவளும் கிழமை நாள் வேலையை விட்டுவிட்டு, சனி ஞாயிறு மட்டும் வருவதாக எழுதிக் கொடுத்திருந்தாள். அவளுடைய இடத்துக்கு ஆளும் எடுத்தாயிற்று. இருவரும் ஆளுக்கொரு பக்கத்தால் அந்தத் திங்கட்கிழமையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். அவன் இல்லையென்றால் வேறு யார்?

கல்லூரியில் சேர்க்கைப் பிரிவு மூடப் பத்து நிமிடம் இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இளம்பெண் ஒருத்தி. நல்ல முகம். பெயரைத் தட்டி, திரையை வாசித்தாள். செவ்வாய்க்கிழமை மூன்று இருபத்தெட்டுக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார்கள். பொலீஸ் சான்றிதழ் இன்னும் வரவில்லை என்பதற்காக எடுத்த அழைப்பு. இடத்தை ரத்துச் செய்யும்படி மாணவியே சொல்லியிருக்கிறாள். நிச்சயமாகவா என்று திரும்பக் கேட்டும் இருக்கிறார்கள். ஆம், நிச்சயம் என்றிருக்கிறாள்.

மூன்று இருபத்தெட்டு. பள்ளிக்கூட வாசலில் நிறுத்திய கார். மோனிகா அப்போதுதான் ஏறி இருக்கைப் பட்டி போட்டிருந்தாள். றொசானாவுக்கு ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் வந்தது. சான்றிதழ் வந்துகொண்டிருக்கிறது, நாளைக்கே அனுப்பிவிடுவேன் என்று அவள் சொன்னாள். காரின் ஒலிபெருக்கியில் அந்தப் பக்கத்துப் பெண் அன்பாகத்தான் கேட்டாள்.

"சோ, யூ டோன்ட் வான்ட் அஸ் டு கான்சல் யுவர் பிளேஸ்?"

இடத்தை ரத்துச் செய்ய வேண்டாம்தானே? அவளுடைய காதில் அப்படித்தான் விழுந்தது. வேண்டாம்தானே என்று கேட்டால் மன்னாரில் என்ன சொல்வார்கள்? ஓம் என்பார்கள். ஓம், வேண்டாம். நீங்கள் சொல்வது சரி. பிறந்து வாய் திறந்த நாள் முதல் அவள் சொன்ன பதில் அது. ஆங்கிலத்தில் 'நோ' என்றிருந்தால்தான் வேண்டாம்; 'யெஸ்' என்றால் ரத்துச் செய்யுங்கள்.

"யெஸ்" என்று பளிச்சென்று சொன்னாள். தயங்கவில்லை.

"யெஸ்? ஆர் யூ ஷுவர்?"

"யெஸ், யெஸ். ஷுவர். தேங்க் யூ."

"ஓகே. ஆல் த பெஸ்ட், றொசானா."

அந்த வாழ்த்தை வகுப்புக்கான வாழ்த்து என்று நினைத்து, அன்று முழுக்க அவள் சிரித்த முகமாகத் திரிந்தாள்.

இப்போது அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "ஐ சேட் யெஸ்," என்று தொடங்கினாள். "யெஸ் ஃபார் நாட் கான்சல்." இளம்பெண் புருவத்தைச் சுருக்கினாள். அனோஜ் முன்னுக்கு வந்து, தங்கள் பாஷையில் வேறு மாதிரி, இவளுக்கு அந்தக் கேள்வி சரியாக விளங்கவில்லை என்று சொல்லிப் பார்த்தான்.

"பட் ஹெர் இங்லிஷ் இஸ் வெரி குட்" என்றாள் அந்தப் பெண், உண்மையான ஆச்சரியத்தோடு.

இடம் புதன்கிழமை காலையிலேயே காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விட்டது. இனி அடுத்த வருடம் மாசி மாதம். ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், ஆகவே அதையும் திரும்ப எழுத வேண்டும். மேன்முறையீடு செய்யலாம், முடிவு வர இருபது வேலை நாள். அதற்குள் வகுப்பு ஒரு மாதம் ஓடிவிடும். பெண் வருத்தத்தோடு ஒரு படிவத்தை நீட்டினாள்.

வாசலுக்கு வெளியே, நிழலில் நின்று றொசானா அதை வாசித்தாள். காரணத்தை எழுதுவதற்கு ஒரு பெட்டி இருந்தது.

"எழுது" என்றான் அனோஜ். "உள்ளதை எழுது."

"என்னெண்டு எழுத? அவை கேட்ட இங்கிலிஷ் எனக்கு விளங்கேல்லை எண்டோ? இங்கிலிஷ் விளங்காதவளுக்கு நர்சிங் என்னத்துக்கு எண்டு கேப்பினம்."

அவள் படிவத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

கார் சூடேறிக் கிடந்தது. பட்டியின் இரும்பு சுட்டது. கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து மோனிகா கேட்டாள்.

"அம்மா, ஆர் யூ சாட்?"

"இல்லை பிள்ளை."

"பட் யூ டோல்ட் த லேடி. ஐ ஹேர்ட் யூ. ஷீ ஆஸ்க்ட், அன்ட் யூ சேட் யெஸ்."

றொசானா திரும்பிப் பார்த்தாள். "அப்ப உனக்கு அது விளங்கினதோ?"

"யெஸ்."

"ஏன் செல்லம் அம்மாவுக்குச் சொல்லேல்லை?"

மோனிகா தோளைக் குலுக்கினாள். "யூ வேர் ஸ்மைலிங். ஐ தோட் யூ வான்டட் டு ஸ்டே ஹோம் வித் மீ." பிறகு தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு, "ஐ வாஸ் ஹேப்பி" என்றாள்.

பெருந்தெருவில் வாகனங்கள் ஊர்ந்தன. வேலை முடிந்து வீடு போகிறவர்களின் நேரம். இந்த நேரத்தில் அவர்கள் இருவரும் அருகருகே இருந்து எத்தனை வருடமாயிற்று என்று றொசானா நினைத்தாள். திங்கட்கிழமை விடிய ஐந்து மணிக்கு அவன் வேலையில் நிற்பான். மோனிகாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தால் அவளுக்குப் போக ஓரிடமும் இல்லை.

"நான் உங்களைத்தான் நினைச்சுப்போட்டன்" என்றாள்.

"தெரியும்."

"கிரிஜாக்கா கேட்ட உடன எனக்கு வேற ஒருத்தரும் ஞாபகத்துக்கு வரேல்லை."

அவன் கண்ணாடியில் பின்னால் வரும் வாகனத்தைப் பார்த்தான். பாதை மாறினான். சிவப்பு விளக்கில் நிறுத்தினான். அவனுடைய கை கியரின் மேல் இருந்தது. மற்ற நாளென்றால் அந்தக் கை அவளுடைய முழங்காலுக்கு வந்திருக்கும்.

"என்னோட கோவம் இல்லைதானே?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றான் அனோஜ்.

விளக்குப் பச்சையானது. அந்த ஓம் எந்தப் பக்கத்து ஓம் என்று அவள் அவன் முகத்தில் தேடினாள். அவன் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பவும் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.