விரியாத விரல்

கொட்டாஞ்சேனையிலிருந்து சிவமணி அந்த ஞாயிறு வெள்ளவத்தைக்குப் போனது மச்சாள் கனகேஸ்வரியின் கையால் இடியப்பம் சாப்பிட. போன இடத்தில் ஃப்ளாட்டின் ஹோல் நிறையப் பெண்கள். நடுவில் டை கட்டிய ஸ்ரீஸ்கந்தராசா, ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ்காரர், ஒரு தகரப் பௌடர்ப் பேணியைச் சாமிப் படம்போல ஏந்தி நின்றார்.

“மூட்டு நோ, தோல் சுருக்கம், முடி கொட்டுறது, எல்லாத்துக்கும் ஒரே காரணம்தான். உடம்பைக் கட்டி வைச்சிருக்கிற தொடுப்பிழையத்தில கொலாஜன் குறைஞ்சுபோச்சு. காலமை ஒரு கரண்டி குடியுங்கோ. நேராப் போய் முழங்காலில ஒட்டும்.”

சிவமணிக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தாறு வருடமாக ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் மனித இழையத்தை, வெட்டியெடுத்த சதைத் துணுக்குகளை, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, நிறமேற்றிக் கண்ணாடியில் ஒட்டுகிறவள் அவள். நேராகப் போய் ஒட்டுமாம், முத்திரை போல! டொக்டர் சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்கிற இந்தப் பெண்கள், டை கட்டிய ஒருவன் உளறினால் தலையாட்டுகிறார்கள்.

“தங்கச்சியும் ஒண்டு எடுங்கோவன்” என்று அவர் பேணியை நீட்டினார்.

அப்போதுதான் அவள் அந்தக் கையைக் கண்டாள். மோதிரவிரலும் சின்னவிரலும் உள்ளே மடங்கிக் கிடந்தன. உள்ளங்கைத் தோலுக்கடியில் கயிறு போல ஒன்று புடைத்திருந்தது.

“ஐயா, அந்தக் கையை மேசையில விரிச்சு வையுங்கோ பாப்பம்.”

அவர் வைத்தார். விரல்கள் விரியவில்லை. “இது சின்ன நரம்புப் பிடிப்பு” என்றார்.

“நரம்புமில்லை, ஒரு மண்ணுமில்லை. நீங்கள் விக்கிற அதே தொடுப்பிழையம்தான் தடிச்சுப்போய்க் கிடக்கு. கொலாஜன் நார் செய்யிற கலங்கள், அதுதான் செல்லுகள், நிப்பாட்டாமல் செய்து குவிச்சிருக்கு. உங்களுக்குக் கொலாஜன் குறையேல்லை ஐயா, கூடிப்போச்சு.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிவமணி விடவில்லை.

“அந்த இழையத்தில கொலாஜன் மட்டுமே இருக்கு? இழுத்துவிட்டால் திரும்புற நார் இருக்கு. கொழுப்பைச் சேமிக்கிற கலம், கிருமியைத் தின்னுற கலம், ஒவ்வாமையில தடிக்கப் பண்ணுற கலம் எல்லாம் இருக்கு. உறுப்புகளைத் தாங்குறதும் காயத்தை மூடுறதும் அதுதான். உங்கட பௌடர் வயித்துக்க போய், இறைச்சித் துண்டு மாதிரிச் செமிச்சுப் போயிடும். முழங்காலின்ர விலாசம் அதுக்குத் தெரியாது.”

ஒரு பேணிகூட விற்கவில்லை. கனகேஸ்வரி இடியப்பத்தைத் தட்டில் வைத்த சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

லிஃப்ட் வாசலில் ஸ்ரீஸ்கந்தராசா பின்னால் வந்து நின்றார். “தங்கச்சி, இது வெட்டவேணுமே? சட்டைப் பொத்தானும் மகள்தான் பூட்டிவிடுறாள்.” குரலில் பழைய எடுப்பு இல்லை.

“கை ஒப்பரேஷன் செய்யிற டொக்டரிட்டக் காட்டுங்கோ. சுணங்காதேங்கோ.”

அவளுக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. பிறகு, கக்கத்தில் இடுக்கிய பேணிகளைக் கண்டாள். பாவம் போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்து ஆய்வுகூடத்துக்கு, வெட்டியெடுத்த இழையத்தோடு ஒரு போத்தல் வந்தது. படிவத்தில் ஸ்ரீஸ்கந்தராசாவின் பெயர். சிவமணி வழக்கம்போலச் சீவி, நிறமேற்றி, நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தாள். நெருக்கியடித்த கலங்கள், இளஞ்சிவப்பில் கற்றை கற்றையாக நார். அண்டப் புளுகனின் இழையமும் மற்றவர்களுடையதைப் போலவேதான் நிறமெடுத்தது.

“எனக்குத் தெரிஞ்ச ஆள்” என்றாள், அறிக்கை எழுதும் டொக்டர் ஷிம்னாவிடம்.

“தெரிஞ்ச ஆளெண்டாலும் இந்த ரூமுக்கு வெளியில மூச்சு விடக்கூடாது, சிவமணி.”

மழைக்காலம் தொடங்கியபோது, சிவமணி வேலையிலிருக்கும்போது கனகேஸ்வரி அவளுக்குப் போன் எடுத்தாள்.

“அண்டைக்கு அந்த மனுசனை அவமானப்படுத்தினீர் எல்லே? நேற்று உம்மட கொட்டாஞ்சேனையிலதான் மீட்டிங். கையை அப்பிடியே மேசையில விரிச்சுக் காட்டினவர். பௌடர் குடிச்சே நிமிந்திட்டுதாம்! நான் ரெண்டு பேணி எடுத்திட்டன்.”

“உள்ளங்கையில தையல் அடையாளம் இருந்ததே?”

“ஓம். கதவு வெட்டினதாம்.”

போத்தல், படிவம், பெயர் எல்லாம் சிவமணியின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஷிம்னா அறிக்கை தட்டிக்கொண்டிருந்தாள். வெளியில் மூச்சு விடக்கூடாது என்று அவள் சொன்னது நினைவு வர, சிவமணி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“குடியுங்கோ மச்சாள். பாலில கரைச்சால் ருசியா இருக்கும்.”

போனை வைத்துவிட்டு அடுத்த மெழுகுக்கட்டியைச் சீவும் இயந்திரத்தில் பூட்டினாள். அதில் சீவிய முதல் நாலு சீவலும் கிழிந்துபோயின.