ஊதாத் துணிக்குள் மாதா

1
இந்தக் கதை ஒரு பழைய புகைப்படத்திலிருந்து பிறந்தது என்று எழுதத்தான் ஆசை. உண்மை அதுவல்ல. தவக்காலத்தில் ஒரு கோயில் முகப்பில் ஊதாத் துணி போர்த்திய சுரூபத்தைக் கண்டு, அந்தச் சிலையைச் செய்தவன் இப்போது வந்தால் என்ன சொல்வான் என்று யோசித்ததில் பிறந்தது.

2
முதல் தொடக்கம்: 1954, கல்முனை. கடலிலிருந்து சூரியன் மெல்ல (வேண்டாம். கிழக்குக்கரைக் கதையெல்லாம் இப்படித்தான் விடிகிறது.)

இரண்டாவது: முத்தலிப் இரவல் கமராவோடு ஊரைச் சுற்றினான். கடற்கரைப் பள்ளியின் மினாராவை எடுத்தான். மெதடிஸ்த தேவாலயத்தின் வளைவு வாசலை எடுத்தான். பிலிம் சுருளில் கடைசிப் படத்தை மட்டும் கத்தோலிக்கக் கோயில் மாடத்திலுள்ள மாதாவுக்கென்று மிச்சம் பிடித்திருந்தான். அது மேசன் குணம் செய்த சுரூபம். அதை ஏற்றிய அன்று, நின்ற மூங்கில் சாரம் சரிந்து விழுந்த மனிதர் பிறகு எழும்பவே இல்லை. தன் மாதா மேலே நிற்பதை அவர் கண்டதில்லை; படத்திலாவது காட்டு என்று முத்தலிபிடம் கேட்டிருந்தார். இந்தக் கிழமை தாண்டாது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார்.

போய்ப் பார்த்தால், மாதா தலைமுதல் கால்வரை துணிக்குள்.*

*பாஸ்கா என்னும் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாட்களில் சுரூபங்களை மூடிவைப்பது வழக்கம். முத்தலிபுக்கு அது தெரியாது. குணத்துக்குத் தெரியும், ஆனால் படுக்கையில் கிடப்பவருக்கு நாள் கிழமை ஏது?

3
கோயில் மணியடிக்கும் கிறிஸ்ரோபர் துணியை இறக்க மறுத்தார்.

"அண்ணன், எங்கட நோன்புல நோயாளிக்கி விலக்கு இரிக்கி. ஒங்கட இதுல இல்லியா?"

"நோயாளிக்கு இருக்கு தம்பி. சுரூபத்துக்கு இல்லையே."

"குணம் அண்ணனுக்காகத்தானே கேக்கன்."

"நல்லா இருந்தா அவனே வந்து ஏசுவான், ஏன் இறக்கினாய் எண்டு."

(இவரைக் கல்நெஞ்சராக்கினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் இதைச் சொல்லும்போது கண்ணைத் துடைக்கிறார். நான் என்ன செய்ய?)

4
ஒரு முடிவு: காற்று அடிக்கிறது, துணி விலகுகிறது, அந்த நொடியில் (சீ. கடற்கரை என்பதற்காகக் காற்றைச் சம்பளத்துக்கு வைக்க முடியாது.)

இன்னொன்று: கிறிஸ்ரோபர் மனம் மாறி ஏணியை (மாட்டார்.)

முத்தலிப் துணி மூடிய மாதாவையே எடுத்தான். கழுவிய படத்தோடு இப்போது குணத்தின் பாயருகே இருக்கிறான். இன்னும் காட்டவில்லை.

"தம்பி, முகம் வடிவா இருக்கா? கீழ வச்சுப் பார்க்கக்குள்ள சிரிச்ச மாதிரி இருந்திச்சு. மேல ஏத்தினா எப்படியோ எண்டு பயம். கிறிஸ்ரோபரிட்டக் கேட்டா ஓம், வடிவுதான் எண்டுதான் சொல்லுவான். அதுதான் படம் கேட்டன்."

முத்தலிப் அந்த வழியால் எத்தனையோ தரம் போனவன். தன் மார்க்கத்துக்கு ஆகாத சுரூபம் என்று ஒருநாளும் நிமிர்ந்து முகம் பார்த்ததில்லை. அது இப்போது அவனுக்கு வலிக்கிறது.

பொய்யை எழுத எனக்குக் கை வரவில்லை, உண்மையை எழுத மனம் வரவில்லை. படம் அவன் மடியில் கவிழ்ந்து கிடக்கிறது. குணம் கையை நீட்டிவிட்டார். கொடுப்பதா என்று நீங்கள்தான் அவனுக்குச் சொல்ல வேண்டும்.