இருபதடி தள்ளி

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து நடந்த தூரம் வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரைதான். லீவு நாளிலும் கியர், பிரேக், டிப்போ என்றே பேச்சு. அதனால் இந்தக் கோடையில் கறாராகச் சொல்லிவிட்டேன்.

"இன்னைக்கு மத்தியானம் ஊரைச் சுத்தி நடக்கிறோம். பஸ் பேச்சு ஒரு வார்த்தை வந்தாலும், அடுத்த லீவுக்கு அக்கா வீட்டுக்காரர் கூட நாள் பூரா நீங்க உக்காரணும்."

அக்கா வீட்டுக்காரர் தன் மூட்டு வலியைக் காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம்தான் முடிப்பார். இவர் முகம் வெளுத்துப்போய்ச் சம்மதித்தார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. அச்சகங்கள் இருக்கும் தெரு, அதைத் தாண்டித் தையல்கடைத் தெரு, பிறகு பால்கனி தோறும் துணி காயும் அடுக்குமாடிகள். எனக்கு எல்லாமே புதுசு, நின்று நின்று பார்க்க ஆசை. மனுஷன் நின்றால்தானே? நிற்கத்தான் செய்தார், ஆனால் பஸ் ஸ்டாப்பில் மட்டும். அதுவும் ஸ்டாப்பைத் தாண்டி இருபதடி தள்ளி. நான் மூச்சு வாங்க ஓடிப் போய்ச் சேர்வதற்குள், தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். பஸ்ஸைப் பற்றி வாய் திறக்கவில்லை. கை, கால், கழுத்து எல்லாம் டூட்டியில் இருந்தன.

மரநிழலோடு ஒரு சந்து தெரிந்தது. ஜன்னல்களில் பூந்தொட்டிகள்.

"இதுக்குள்ள போலாங்க," என்றேன்.

"இதுல திரும்பாது."

"எது திரும்பாது?"

திருதிருவென விழித்தார். "கழுத்து," என்றார். போனால் போகிறதென்று விட்டேன்.

சந்து முனையைத் தாண்டியதுமே இருந்த ஸ்டாப்பில் என் செருப்பு வார் அறுந்தது. அவர் வழக்கம்போல் இருபதடி தள்ளி நின்றார். தரை சுட்டதால் நான் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அவர் ஓட்டுகிற பஸ்ஸே வந்தது. இன்றைக்கு ஓட்டியவர் அவரோடு வேலை பார்க்கும் ஒல்லியான டிரைவர். அவரும் ஸ்டாப்பைத் தாண்டி, இவர் பக்கத்தில்தான் நிறுத்தினார். ஒரே டிப்போ அல்லவா.

"அண்ணே, கிளட்ச் போட்டா என்னமோ முனகுது. ரெண்டு ஸ்டாப் வந்து கேட்டுச் சொல்லுங்கண்ணே."

இவருடைய ஒரு கால் படியில் ஏறிவிட்டது. காது எஞ்சின் பக்கம் சாய்ந்துவிட்டது. நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு வருகிற ஆள் எனக்கு வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். வெயிலில் நான், கையில் செருப்பு.

"நீ போப்பா. ஸ்டாப்ல ஆள் இருக்கு," என்று காலை இறக்கினார்.

இருபதடி பின்னால் வந்தார். பஸ்ஸில் யாருக்காகவும் அவர் செய்யாத காரியம். சரியாக என் கால் விரலுக்கு நேரே நின்று, தன் ஷூவைக் கழற்றி வைத்தார். படகு மாதிரி இருந்தது. நான் போட்டு முடிக்கும்வரை நகரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெறுங்காலில் அவர் துள்ளுவதைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது.

"அந்தச் சந்துல நிழல் இருக்கு," என்றார்.

"திரும்புமா?"

"ரிவர்ஸ் எடுத்து மெதுவா ஒடிச்சா..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நான் காதில் விழாத மாதிரி ஷூவை இழுத்து இழுத்துச் சந்துக்குள் நடந்தேன்.