போர்பாலா பேரில் ஒரு காப்புரிமை

எங்கள் போர்பாலாவின் வலது கையைச் சலவைக்கூடத்துத் துணி பிழியும் உருளை இழுத்துக்கொண்டபோது அவளுக்குப் பதினாறு வயது. மூன்று விரல் போயிற்று. அதற்குப் பிறகு அவள் வாசல்படி தாண்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட வரமாட்டாள். தெருவில் யாராவது சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொள்வாள். பெற்றவள் நான், எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பேன்? அடுப்படியில் நின்று அழுவேன், வெளியே வந்து எல்லோர் மேலும் எரிந்து விழுவேன்.

என் புருஷன் அகோஷ்டன் பூட்டு செய்கிறவர். அவருக்கு அழத் தெரியாது. மகளை வீட்டுப் பட்டறையில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "கை மாட்டினா முதல்ல என்னம்மா பண்ணுவ?" என்று கேட்டார்.

"பின்னால இழுப்பேன். வேற என்னப்பா பண்ணுவாங்க?"

அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டார். உருளைக்கு முன்னால் ஒரு பலகை வைத்தார். கையைப் பின்னால் இழுத்தால் முழங்கை இடித்துப் பலகையும் நகரும். நகர்ந்ததும் மேல் உருளை எம்பி வழிவிடும்.

"யோசனை உன்னுது. காப்புரிமையும் உன் பேர்லதான். ஊரூரா ஒவ்வொரு உருளையிலயும் போர்பாலான்னு அடிச்சிருக்கும், பாரேன்" என்றார். அவள் சிரித்தாள். ஐயோ, அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலமாகிவிட்டது!

காப்புரிமை விண்ணப்பத்தை அப்போதே தலைநகர் புடாபெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் எங்கள் பாயா ஊரில் பூட்டுக்காரர்கள் புதுச் சாமானைத் திருநாளன்று கோயில் வாசலில் வைத்து, பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்த பிறகுதான் வெளியே விடுவார்கள். "தீர்த்தம் படாம அனுப்பினா விளங்காதுடி" என்றார். எங்கள் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

திருநாளன்று போர்பாலாவும் வந்தாள், என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு. சாமியார் எங்கள் உருளைமேல் தெளித்துவிட்டுப் போனதும் மீன்காரி பிரோஷ்கா வாயைத் திறந்தாள். "ஏன் அகோஷ்டா, பொண்ணு கையை முழுங்கின பூதத்துக்கா தீர்த்தம்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவள் கூடையைக் கவிழ்த்திருப்பேன். அதற்குள் என் மகள் முன்னால் வந்துவிட்டாள். "நீங்களே சுத்துங்க அத்தை, நான் கையை விடுறேன்."

ஊரே பார்க்க அந்தக் கையை நீட்டினாள். பிரோஷ்கா கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள். உருளை எம்பியது, கை ஒரு கீறலில்லாமல் வெளியே வந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. கொல்லன் மகன் வந்து அந்தக் கையையே பிடித்து அவளை ஆட அழைத்துப் போனான்.

அடுத்த வாரம் விண்ணப்பம் போயிற்று. புடாபெஸ்ட்டில் சலவை எந்திரம் விற்கும் ஒரு முதலாளி ஆட்சேபம் கொடுத்தான். அவனுடைய ஆள் அந்தத் திருநாள் கூட்டத்தில் நின்றிருக்கிறான், படுபாவி. விசாரணைக்கு மூவரும் ரயிலேறினோம்.

"விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடியே ஊருக்குக் காட்டிட்டீங்க. சட்டப்படி அது இனிமே புதுசு இல்லை. யார் வேணும்னாலும் செய்யலாம்" என்றார் அதிகாரி.

"தீர்த்தம் தெளிச்சது குத்தமா?" என்று கத்தினேன்.

"அதில்லைம்மா. மூடி வச்சுத் தெளிச்சிருந்தா ஒண்ணுமில்லை. யாரோ கையை விட்டு, அது எப்படி வேலை செய்யுதுன்னு காட்டியிருக்காங்களே."

திரும்பும்போது ரயிலில் போர்பாலா கேட்டாள்: "அன்னிக்கு நான் வீட்டுக்குள்ளயே இருந்திருந்தா கிடைச்சிருக்குமாப்பா?"

நான் அவர் காலை அழுத்தி மிதித்தேன். 'கிடைச்சிருக்காது' என்று ஒரே ஒரு பொய், அது போதும். அந்த மனுஷன் மகள் முகத்தைப் பார்த்து, "கிடைச்சிருக்கும்மா" என்றார்.

அவள் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து உள்ளறைக்குப் போனாள்.

இன்றைக்கு அந்த உருளை எங்கெங்கோ ஓடுகிறது, அந்த முதலாளி பேரோடு. எத்தனையோ பெண்களின் விரல் தப்பியிருக்கும். தப்பட்டும், நன்றாக இருக்கட்டும். என் மகள் மட்டும் அதற்குப் பிறகு வெளியே வரவில்லை.