இறங்கச் சொல்கிறவர்

“மூக்குக்குப் பேர்போனவர் நீங்கதானாமேண்ணா?”

செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்த பெண் இப்படித்தான் ஆரம்பித்தாள். பெயர் சோபனா. சென்னையிலிருந்து வந்த கலைஞர் என்று தெருவில் சொல்லியிருந்தார்கள். தோளில் ஒரு கேமரா, கையில் ஒரு பை, பை நிறைய மூடி போட்ட சின்னக் கண்ணாடி ஜாடிகள். ஏதோ ஓர் அறக்கட்டளை வருஷத்துக்கு நாலு கலைஞர்களை ஆம்பூருக்கு அழைத்து வந்து மூன்று மாதம் தங்க வைக்கிறது. ஊரின் காற்றையும் தண்ணீரையும் மனிதர்களையும் பார்த்து அவர்கள் எதையாவது செய்து வைத்துவிட்டுப் போக வேண்டும். தோல் பதனிடும் டேனரிக்குச் சொந்தமான பழைய கோடவுன் ஒன்றை அதற்காக ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். போன முறை வந்தவர் பாலாற்று மணலை வைத்து என்னவோ செய்தார். இவளுக்கு வாசனை.

டேனரி மேஸ்திரி இருதயராஜ் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “யாரு சொன்னது?”

“எல்லாரும்தான். டேனரி கழிவுத் தொட்டியில ஆளுங்க இறங்குறதுக்கு முன்னாடி நீங்கதான் மோந்து பாத்துச் சொல்வீங்களாம். நீங்க இறங்குன்னாதான் இறங்குவாங்களாம்.”

“பதினெட்டு வருஷமா மேடம்.” பதில் சொன்னவன் அவர் மனைவி அமிர்தவள்ளியின் தம்பி தமிழ்வேந்தன். அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். “எங்க டேனரியில ஒரு உசுரு போனது கெடையாது. மாமா மூக்கு அப்பிடி. கேஸ் இருந்தா தெரு முனையிலயே சொல்லிடுவாரு.”

“நீங்களும் இறங்குவீங்களா?”

“நான்தான் மொத ஆளு. வர்ற ஞாயித்துக்கிழமைகூட இருக்குது.”

“ஆளை இறக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கே?”

“சட்டமும் இருக்குது, சேறும் இருக்குது. பம்ப்பு பாதிதான் இழுக்கும். மீதி யாரு அள்றது, நீங்க வர்றீங்களா?”

சோபனா சிரித்தாள். சனிக்கிழமை மதியம் கோடவுனில் ஒரு நிகழ்ச்சி இருப்பதாகவும், ஊரின் வாசனைகளை ஜாடிகளில் பிடித்து வைத்திருப்பதாகவும், அண்ணன் வந்து மோந்து சொன்னால் அதைப் படம் பிடிப்பேன் என்றும் சொன்னாள்.

“எனக்கு வேலை இருக்குதும்மா.”

“சனிக்கிழமை உனக்கு அரை நாள்தான மாமா?”

“பேஜார் பண்ணாத மச்சான்.”

“டீவியில வருவ மாமா! மூக்கு மட்டுமாவது வரும்.”

அமிர்தவள்ளி ரசம் ஊற்றினாள். “போய்ட்டுத்தான் வாங்களேன். இன்னா குறைஞ்சிடப் போவுது?” என்றாள். பின்னாளில் அவளுக்கு ஞாபகம் இருந்தது இந்த ஒரு வாக்கியம்தான்.

சனிக்கிழமை கோடவுனில் நாற்பது பேர் இருந்தார்கள். முக்கால்வாசி ஷூ கம்பெனிப் பெண்கள். அமிர்தவள்ளியும் அவர்களோடு ஷூவின் மேல்தோலான அப்பர் தைப்பவள்தான். நீளமான மேசை மேல் ஜாடிகள். முதல் ஜாடியைப் பெண்கள் வரிசையாக மோந்து “அட, பிரியாணி தம்மு!” என்று கத்தி முடித்த பிறகு இருதயராஜ் குனிந்தார். “பிரியாணி,” என்றார். இரண்டாவதை மோந்தவர்கள் பசை டப்பா வாசனை என்று முகத்தைச் சுளித்தார்கள். அவரும் குனிந்து, “சொல்யூஷன்,” என்றார். கைதட்டினார்கள்.

“அண்ணா, இப்ப கண்ணைக் கட்டிப்போம். எல்லாரும் சத்தம் போடாம இருக்கணும். அண்ணன்தான் மொதல்ல,” என்றாள் சோபனா.

“அது எதுக்கும்மா?”

“அப்பதான் மூக்கு மட்டும் வேலை செய்யும்.”

கறுப்புத் துணியைக் கட்டினாள். ஒரு ஜாடியைத் திறந்து அவர் முகத்துக்குக் கீழே வைத்தாள். இருதயராஜ் இழுத்தார். மறுபடி இழுத்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். அங்கே பார்க்க எதுவும் இல்லை.

“தோலு,” என்றார்.

ஜாடியில் இருந்தது சாம்பிராணி. முன் வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சும்மா சொன்னேன். அடுத்தது குடு.”

அடுத்த ஜாடியைத் திறந்தபோது முன் வரிசை பின்வாங்கியது. முந்தானைகள் மூக்குக்குப் போயின. அமிர்தவள்ளிக்கும் வந்தது, அழுகின முட்டை நாற்றம். தமிழ்வேந்தன், “அய்யே, நம்ம தொட்டி!” என்று சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தான்.

இருதயராஜ் ஜாடிக்குள் மூக்கை விட்டார். எடுக்கவில்லை. ஒரு மூச்சு, இரண்டு, மூன்று. சோபனாவே ஜாடியைப் பின்னால் இழுக்க வேண்டியதாயிற்று.

“இன்னாண்ணா இது?”

“மல்லிப்பூ.”

கோடவுன் அதிர்ந்தது. விசில் அடித்தார்கள். “மாமா, கலக்கிட்ட!” என்று தமிழ்வேந்தன் மேசையைத் தட்டினான். துணியை அவிழ்த்ததும் இருதயராஜ் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பார்த்துவிட்டு அவரும் சிரித்தார்.

அமிர்தவள்ளி சிரிக்கவில்லை. அழுகையோ கோபமோகூட வரவில்லை. தைக்கும்போது ஊசி விரலில் இறங்கி, வலி வருவதற்கு முன்னால் ஒரு கணம் இருக்குமே, அதிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடந்தே வந்தார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. அரக்கோணம் பக்கம் போகிற சரக்கு வண்டி மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது.

“எத்தினி நாளா?” என்றாள்.

“எது?”

“கண்ணு கட்டினப்போ நீங்க யாரு மூஞ்சியத் தேடினீங்க?”

அவர் வண்டியைப் பார்த்தார். “கொரோனாவுல சுத்தமாப் போச்சு. அதுக்கு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமாப் போய்ட்டுதான் இருந்துது.”

“எனக்குச் சொல்லல.”

“இன்னான்னு சொல்றது?”

“கருவாட்டுக் கொழம்பு வாசனையா இருக்குதுன்னு போன வாரம் சொன்னீங்க.”

“நீ கரண்டியில எடுத்து மோந்தியே, உன் மூஞ்சி நல்லா இருந்துது.”

பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன.

“தொட்டியில?”

“அதேதான். மூடியத் தெறந்து வெச்சுட்டு நிப்பேன். ஆளுங்க மூக்கைப் பொத்தினா இன்னும் கொஞ்ச நேரம் உடுவேன். மூஞ்சி சாதாரணமா ஆனா எறங்குன்னுவேன்.”

“கேஸ் பாக்குற மெஷின் ஒண்ணு வாங்கினாங்களே?”

“ஆபீஸ் பீரோவுல இருக்குது. அது செத்து ரெண்டு வருஷம் ஆவுது.”

“நாளைக்கு தமிழு எறங்குறான்.”

“ஒரு மணி நேரம் ஜாஸ்தியா தெறந்து வெக்கிறேன்.”

“நீங்களே சொல்லிடுங்க அவங்ககிட்ட.”

“சொன்னா இத்தினி வருஷம் எறக்கி விட்டதுக்கு இன்னா பதில் சொல்லுவேன் வள்ளி? அவனுங்க எம்மேல கை வெச்சாக்கூட தப்பில்ல.”

கேட் தூக்கிவிட்டார்கள். இரண்டு பேரும் தண்டவாளத்தைத் தாண்டினார்கள். வீட்டில் அவள் சோறு போட்டாள், அவர் சாப்பிட்டார். நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. அவளுக்கும் உப்பு காரம் எதுவும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசை முடிந்து அவர் நேராக டேனரிக்குப் போய்விட்டார். வீட்டு வாசலில் சோபனா நின்றிருந்தாள். கையில் ஒரு தாள்.

“அக்கா, அண்ணன் ஒரு கையெழுத்து போடணும். அந்த மல்லிப்பூ சொன்னாரே, அதைத்தான் கண்காட்சியில முதல்ல வைக்கப் போறேன். அவ்ளோ நாத்தத்தை மல்லிப்பூன்னு சொல்ல அவராலதான் முடியும். மூணு மாசத்துல எனக்குக் கெடைச்சதுலயே அதுதான்...”

“அவருக்கு வாசனை தெரியாதும்மா.”

“என்னக்கா?”

“தெரியாது. அஞ்சாறு வருஷமா. தெரியாமத்தான் சொன்னாரு.”

சோபனா தாளை மடித்தாள். பிறகு மறுபடி விரித்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாத மாதிரி இருந்தது.

“அந்த ஜாடியில இருந்தது எங்க எடுத்தீங்க?”

“அந்த டேனரி தொட்டியிலதான். சூப்பர்வைசர் ரஷீத் பாய் எடுத்துக் குடுத்தாரு. ஒரு சொட்டுக்கு ஒரு வாளி தண்ணி கலந்தேன், அப்பவும் எனக்குத் தலைவலி. அக்கா, இன்னொண்ணு. அந்த கேஸ் கம்மியா இருந்தாதான் நாறும். ஜாஸ்தியானா நாத்தமே தெரியாது. மூக்கை மரக்க வெச்சிடும். படிச்சிருக்கேன்.”

“யாரு மூக்கா இருந்தாலுமா?”

“யாரு மூக்கா இருந்தாலும்.”

“அப்ப, ஆளுங்க மூஞ்சி சாதாரணமா ஆனா?”

சோபனா புரியாமல் பார்த்தாள். அமிர்தவள்ளி விளக்கவில்லை. கதவைச் சாத்திப் பூட்டினாள்.

“அக்கா, நானும் வரட்டுமா?”

“நீங்க வந்தா கேமரான்னு கேட்டைச் சாத்திடுவாங்க. நீங்க என்னைக்குப் போறீங்க?”

“கண்காட்சி முடிஞ்சதும். வெள்ளிக்கிழமை.”

“சரி,” என்றாள் அமிர்தவள்ளி. குத்திக் காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

டேனரி வாட்ச்மேனிடம் வீட்டுக்காரருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும் என்று சொல்லி உள்ளே போனாள். பின்கட்டில் தொட்டி. இரும்பு மூடி தள்ளி வைத்திருந்தது. தமிழ்வேந்தன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். சூப்பர்வைசர் ரஷீத் அஹமது நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இருதயராஜ் தொட்டி விளிம்பில், மச்சானின் முகத்தைப் பார்த்தபடி.

“வாம்மா, இன்னா இந்தப் பக்கம்?” என்றார் ரஷீத்.

“பாய், இவருக்கு வாசனை தெரியாது.”

தமிழ்வேந்தன் சிரித்தான். “அக்கா, நேத்தைய காமெடியே இன்னும் முடியலையா?”

“கேளு அவரை.”

தமிழ்வேந்தன் கேட்கவில்லை. மாமாவைப் பார்த்தான். அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

“போன தபா நான் எறங்கினப்போ?”

“அப்பவும் தெரியாது மச்சான்.”

“மழைக்கு முன்னாடி கோவிந்தசாமி எறங்கி மயக்கம் வருதுன்னு ஏறினானே, அப்போ?”

“அப்பவும்.”

“த்தூ,” என்றான் தமிழ்வேந்தன். மெதுவாகத்தான். கயிற்றின் முடிச்சு பாதியில் நின்றது.

ரஷீத் அஹமது எழுந்து வந்தார். கோபமாக இல்லை. “இதுக்கா இவ்ளோ தூரம் வந்தே? அது எனக்குத் தெரியும்மா.”

“தெரியுமா?”

“ரெண்டு வருஷமா. ஒரு நாள் ஆபீஸ்ல வயர் கருகி பொகை வருது, இவரு பக்கத்துல உக்காந்து டீ குடிக்கிறாரு. புரிஞ்சுக்கிட்டேன்.”

“தெரிஞ்சா ஏன் பாய் இவரை வெச்சு...”

“யாராவது ஒருத்தர் எறங்குன்னு சொல்லணும்ல? நான் சொன்னா எவனும் எறங்க மாட்டான். மேஸ்திரி சொன்னா எறங்குவான். ஒண்ணும் ஆவலையே இதுவரைக்கும்.” கடிகாரத்தைப் பார்த்தார். “பம்ப்பு வண்டி பதினொண்ணுக்கு வந்துடும். ஜல்தி முடிங்க. மேஸ்திரி, சொல்லு.”

இருதயராஜ் தொட்டிக்குள் பார்த்தார். பிறகு தமிழ்வேந்தனை. அவன் முகத்தில் அவர் படித்துக்கொள்ள எதுவும் இல்லை.

“மேஸ்திரி.”

இருதயராஜ் குனிந்து இரும்பு மூடியைப் பிடித்தார். தனியாகத் தூக்க முடியாத கனம். இழுத்தார். சிமெண்டில் உரசிக் கிறீச்சிட்டு அது இடத்துக்குப் போய் விழுந்தது. அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

“இன்னா இது? எழுந்திரு.”

“இல்ல பாய்.”

“நீ இல்லன்னா வேலை நின்னுடுமா? ஒரு போனு. வாணியம்பாடியில இருந்து மூணு பேரு வருவான்.”

“கூப்பிடுங்க.”

ரஷீத் போனை எடுத்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் போனார். “ஆ, ஜான் பாஷா? ஆளு வேணும்ப்பா, இன்னைக்கே...” என்ற குரல் தகரக் கொட்டகைக்குப் பின்னால் தேய்ந்தது.

தமிழ்வேந்தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டான். “இனிமே உன் வூட்டுப் பக்கம் வர மாட்டேன்,” என்றான் மாமாவைப் பார்த்து. அக்காவை அவன் பார்க்கவே இல்லை. ஆனாலும் வெளியே போகவில்லை. சுவரோரம் குந்தி, போனை எடுத்து எதையோ தேடினான். “ஜான் பாஷா ஆளுங்கள்ல ஒருத்தன் நம்பர் எங்கிட்ட இருக்குது,” என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னான். காதில் வைத்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டான்.

அமிர்தவள்ளி கணவனிடம் போனாள்.

“அவங்க வர எத்தினி நேரம் ஆவும்?”

“ஒரு மணி நேரம்.”

“அது வரைக்கும் இங்கயே உக்காந்திருப்பீங்களா?”

“ஆமா.”

“அவங்க வந்து எழுப்பினா?”

“அவங்க வரட்டும்.”

வெயில் மூடியின் மேல் ஏறியிருந்தது. அது சுடும். அவர் நகரவில்லை.

“சோறு எடுத்தாரட்டா?”

“எடுத்துட்டு வா.”

“தமிழு, உனக்கு?”

“வேணாம்,” என்றான் தமிழ்வேந்தன், போனைக் காதிலிருந்து எடுக்காமல். “ஹலோ? தோஸ்த், நான் தமிழு பேசறேன், ஆம்பூர்ல இருந்து. எங்க இருக்க? வண்டியில ஏறிட்டியா? எறங்கு. நான் சொல்றதைக் கேளு, மொதல்ல வண்டிய விட்டு எறங்கு.”