மனோகரனின் பன்னிரண்டு

செமிலிங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டும் மனோகரனுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, ஐம்பத்தெட்டு வயதாகியும் ஒரு மாத்திரை போட்டதில்லை. இன்னொன்று, மகள் பிரேமலா டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிறாள். கொசுவால் வரும் டிங்கிக் காய்ச்சலோடு அதே ஆஸ்பத்திரியில் படுத்தபோது, இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இருக்கிறதா என்று தாதி கேட்டதற்கு, "அதெல்லாம் நம்ம பக்கமே வராதுலா" என்று மார்தட்டினார்.

அப்பாவின் ரத்தம் பிரேமலாவின் மேசைக்கே வந்தது. டிங்கி வந்தால் வெள்ளை அணுக்கள் குறைவதுதான் வழக்கம். இவருக்கு ஏறிக்கிடந்தன. தட்டணுக்கள் மளமளவென்று இறங்கியிருந்தன. சர்க்கரையோ இரண்டு மடங்குக்கும் மேல். வார்டில் அப்பாவைப் பார்க்கும் டாக்டர் யோகேஸ்வரனுக்குப் போன் போட்டாள்.

"உங்கம்மா மூணு நாளா பப்பாளி இலைச் சாறு குடுத்தாங்களாமே, கசக்குதுன்னு குலா மலாக்கா வெல்லத்தைக் கரைச்சு? அதான் சர்க்கரை ஏறியிருக்கும்மா," என்றார் அவர்.

நியாயம்தான். அம்மா பாப்பம்மாவுக்கு இனிப்பு போடுவதில் கை தாராளம். ஆனால் பிரேமலா லேசில் விடுகிற ஆள் இல்லை; அப்பாவின் பிடிவாதத்தில் பாதி அவளுக்கும் வந்திருந்தது. மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை ஒன்று உண்டு. மூன்று நாள் சாறு அதை ஏமாற்ற முடியாது. அதே ரத்தத்தில் அதையும் பார்த்தாள். பன்னிரண்டு. ஆறரையைத் தொட்டாலே இனிப்பு நீர். சொந்த அப்பா என்பதால் தன் கண்ணையே நம்பாமல் மறுபடியும் பார்த்தாள். அதே பன்னிரண்டு.

"டாக்டர், இது சாறு இல்ல. ரொம்ப நாளாவே இருக்கு. வெள்ளை அணு ஏறியிருக்கறதப் பாத்தா வேற கிருமியும் சேந்திருக்கும் போல. எங்கயாவது புண்ணு இருக்கான்னு பாருங்க. காலப் பாருங்க."

பார்த்தார்கள். இடது குதிகாலுக்கு அடியில் சீழ் வைத்த புண். எப்போதோ செம்பனை முள் ஏறியதாம். சர்க்கரையால் கால் மரத்துப்போயிருந்ததில் அவருக்கு வலிக்கவே இல்லையாம். அன்றே இன்சுலினும் கிருமிக்கு மருந்தும் தொடங்கினார்கள்.

"இன்னொரு நாள் விட்டிருந்தா ஆள் தேறியிருக்க மாட்டாரு. நல்ல வேலைம்மா," என்றார் டாக்டர். பிரேமலா கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள். பாதி பயம், மீதி பெருமை.

ஐந்தாம் நாள் தட்டணுக்கள் ஏறிவிட்டன. அப்பாவைத் திட்டுவதற்கென்றே வார்டுக்குப் போனாள். அவரோ பக்கத்துக் கட்டில் சின்னையாவிடம் சவடால் அடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எவ்வளவுண்ணே?"

"எட்டு."

"எட்டுதானா? எனக்குப் பன்னெண்டு! டாக்டரே சாறுன்னு விட்டுட்டாரு. எம்மவ விட்டாளா?"

மகளைக் கண்டதும், தாதி வைத்துவிட்டுப் போன மாத்திரையை எடுத்து, சின்னையா பார்க்கவே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"மாத்திரையே போடாதவன்னு இனி சொல்லிக்க முடியாதுண்ணே," என்றார். "பரவாயில்ல. இவ அப்பன்னு சொல்லிக்குவேன்."